கடைப் பூனையும் நம் கணக்கும்

நம் கடைத்தெருவில் சரக்கு விலைபோகாவிட்டால் "தேங்கிப் போயிற்று" என்போம். வண்டி நின்றுவிட்டால் "ஓடி ஓய்ந்தது" என்போம். கடையில் வளர்ந்த பூனையோ, கிட்டங்கியைக் காத்த நாயோ தளர்ந்து படுத்துவிட்டால் மட்டும், "வயசாகிவிட்டது" என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்வோம். அச்சொல்லைச் சொன்ன பிறகு அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதைப் பற்றியும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அச்சொல் உண்மையைத்தான் சொல்கிறதா, அல்லது நாம் பாராமல் இருந்ததற்கு நாமே இட்டுக்கொண்ட போர்வையா? இதுவே நாம் இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி.

வியாபாரிகள் படிக்கும் ஏட்டில் பூனைக்கும் நாய்க்கும் என்ன இடம் என்று சிலர் நகைக்கலாம். அரிசியும் பருப்பும் வற்றல் மிளகாயும் அடுக்கி வைத்திருப்பவருக்கு எலியின் இழப்பு என்னவென்று தெரியும். துறைமுகத்தை ஒட்டிய நம் ஊரில், சூலியா தெருவிலும் பினாங்குத் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும், பூனை இல்லாமல் நடந்த பலசரக்குக் கடை அரிது. ஐந்தொகையில் அதன் பெயர் ஏறியதில்லை. ஆயினும் நம் இலாபத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

காதர் முகைதீன் அவர்கள் 1801 ஆம் ஆண்டில் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஆர்மீனியன் தெரு வரும். 2013 ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவையொட்டி, ஓவியர் குழு ஒன்று "காணாமற்போன 101 பூனைக்குட்டிகள்" என்ற பெயரில் நகரின் சுவர்களில் பூனைகளைத் தீட்டிற்று. தெருவில் அலையும் விலங்குகளின் நிலையை மக்களுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். அவற்றுள் மிகப் பெரிய பூனையொன்று ஆர்மீனியன் தெருவில் எழுந்தது. வெளியூரார் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டனர். சுவரிலுள்ள பூனைக்கு நிறம் மங்குமேயன்றி வயதாவதில்லை. சுவரின் அடியில் படுத்திருக்கும் பூனைக்கோ வயதாகிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

பிறரைக் குறை கூறுமுன் நம் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நம் கிட்டங்கியில் ஒரு பெண் பூனை பதின்மூன்று ஆண்டுகள் இருந்தது. மூட்டை அடுக்கின் உச்சியில்தான் அதற்கு உறக்கம். அதன் காலத்தில் எலி கடித்த மூட்டை என்று ஒன்றை நாம் தள்ளிவைத்ததாக நினைவில்லை. கடைசி ஓராண்டில், தரை துடைக்கும் வாளியண்டை அது அடிக்கடி வந்து நின்று தண்ணீர் குடிக்கலாயிற்று. "கிழவிக்குத் தாகம்" என்று சிரித்தோம். பிறகு மூட்டைமேல் ஏறுவதை நிறுத்திற்று; உரோமம் சடைபிடித்தது. "வயசாகிவிட்டது" என்றோம். கடையில் வேலை பார்த்த, இராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன்தான், நம்மைக் கேளாமலே, அதை ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்து விலங்கு மருத்துவரிடம் தூக்கிச் சென்றான். பின்னாலேயே நாமும் போனோம். மருத்துவர் தராசில் வைத்துப் பார்த்தார். நான்கு கிலோ இருந்திருக்க வேண்டிய உடம்பு இரண்டரைக் கிலோவாக இருந்தது. சிறுநீரகம் பெரும்பாலும் கெட்டுவிட்டது என்றார். "எத்தனை நாளாக இப்படித் தண்ணீர் குடிக்கிறது?" என்று கேட்டார். ஓராண்டாக என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. முன்பே கண்டிருந்தால் உணவை மாற்றி, நீரேற்றி, இன்னும் சில காலம் துன்பமின்றி வைத்திருக்கலாம் என்றார். அதன்பின் அது பத்தொன்பது நாள் இருந்தது.

மூட்டையைக் கையால் தூக்கியவுடன் அரைக் கிலோ குறைவென்று சொல்லக்கூடிய கை நம்முடையது. மிளகை முகர்ந்து அது எந்த அறுவடை என்று சொல்லக்கூடிய மூக்கு நம்முடையது. காலடியில் ஓர் உயிர் ஒன்றரைக் கிலோ கரைந்துபோனது நமக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடச் சரியன்று; கண்டோம், ஆனால் கண்டதற்கு "முதுமை" என்று பெயரிட்டு அப்பால் நகர்ந்தோம். இக்கட்டுரை எழுத நேர்ந்தது அதனால்தான்.

முதுமை என்பது ஒரு நோயன்று. நோய்கள் எளிதில் வந்து தங்கும் பருவம் அது, அவ்வளவே. பூனைக்குப் பத்துப் பதினொன்று வயதானால் அது முதியது. பதினைந்து வயதுப் பூனை ஏறத்தாழ எழுபத்தைந்து வயது மனிதருக்கு ஒப்பு. நாய்களில் உருவம் பெரியது விரைவில் மூப்படையும். பெரிய இனத்து நாய்க்கு ஏழெட்டு வயதிலேயே முதுமை தொடங்கும், சிறியதற்குப் பத்து வயதுக்குமேல். இந்தப் பருவத்தில் வருகின்ற நோய்களில் பல, வீட்டாரும் கடைக்காரரும் "வயசு" என்று தள்ளிவிடும் குறிகளாகவே வெளிப்படுகின்றன.

அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்து, மெலிந்துபோகும் பூனைக்குச் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம். நன்றாகத் தின்றும் மெலிந்து, அமைதியின்றி இரவெல்லாம் கத்தும் பூனைக்குத் தைராய்டுச் சுரப்பி மிகையாக வேலை செய்யக்கூடும். இந்நோய் பூனைகளில் உண்டென்று 1979 ஆம் ஆண்டில்தான் மருத்துவ ஏடுகளில் விளக்கப்பட்டது. இன்று அதற்கு மாத்திரை உண்டு. மீனை வாயில் எடுத்துக் கீழே போடும் பூனை ருசி பார்ப்பதில்லை. பல்லும் ஈறும் அழுகி வலிக்கிறது. நேற்றுவரை நடமாடியது இன்று சுவரில் முட்டிக்கொண்டால், இரத்த அழுத்தம் ஏறிக் கண்ணைக் கெடுத்திருக்கலாம். உடனே மருந்து கொடுத்தால் சில வேளை பார்வையைக் காக்கவும் இயலும்.

மூட்டுவலியோ எல்லாவற்றிலும் மறைவானது. பன்னிரண்டு வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு காணப்பட்டது. நாயைப்போல் பூனை நொண்டிக் காட்டாது. தாவுவதை நிறுத்திக்கொள்ளும், தன் உடம்பை நக்கித் தூய்மை செய்வதைக் குறைத்துக்கொள்ளும். நம் கிட்டங்கிப் பூனை மூட்டைமேல் ஏறாமற்போனதும் உரோமம் சடைபிடித்ததும் எதனால் என்று இப்போது விளங்குகிறது.

நாய்க்கும் இவை போன்றவை உண்டு. இரவில் இருமினால் இதயத்தின் வால்வு தளர்ந்திருக்கலாம். நம் நாட்டு வெப்பத்தில் கொசு கடித்துப் பரவும் இதயப்புழுவும் காரணமாகலாம். கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும். மடியில் கட்டி வரும். கண் நீலம்பூத்தாற்போல் மங்கினால் அது பெரும்பாலும் வயதின் இயல்பே, பார்வை அதிகம் கெடாது. வெள்ளையாகப் படர்ந்தால் அது புரையாக இருக்கலாம். மாலையானால் திகைத்து நிற்பதும், பழகிய ஆளைப் பார்த்துக் குரைப்பதும், மூலையில் போய் வெளிவரத் தெரியாமல் நிற்பதும் மூளை தளர்வதன் அறிகுறி. அந்த நாயை "கிறுக்குப் பிடித்துவிட்டது" என்று கல்லால் அடிப்பவர் உண்டு.

நிற்க. நோய்களைத் தெரிந்துகொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. "எலி பிடித்தது; சோறு போட்டோம். இப்போது எலி பிடிப்பதில்லை, கணக்கு நேர்ந்துவிட்டது. இதற்குமேல் நமக்கென்ன கடமை?" என்று கேட்பவர் உண்டு. இது வியாபாரியின் கேள்வி. ஆதலின் வியாபாரியின் முறையிலேயே விடை தேடுவோம்.

கணக்கு நேர்வது ஒப்பந்தம் செய்த இருவருக்கிடையே. பூனை நம்மிடம் கூலி பேசி வேலைக்கு வரவில்லை. குட்டியாக இருந்தபோது நாம் கொண்டுவந்தோம். அல்லது தானாக வந்ததைச் சோறிட்டு நிறுத்தினோம். நம் கதவடைப்புக்கும் கதவு திறப்புக்கும் அதைப் பழக்கினோம். வேறிடத்தில் பிழைக்கும் வழியை அது மறந்தது நம்மால்தான். ஒருவரை நம்மையே நம்பி வாழும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, "உனக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது" என்று சொல்வது கூலிக் கணக்கன்று. ஒப்படைத்த பொருளை, காப்பதில் ஆதாயமில்லை என்று தெருவில் எறிவதற்கு ஒப்பாகும். அமானத் என்பது என்னவென்று நம் வியாபாரிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. யாரும் உணவிடாமல் வெளியில் திரியும் பூனைக்கு முதுமை என்பதே அரிது. வேட்டையாட இயலாத நாள் அதன் இறுதி நாட்களில் ஒன்றாகிவிடும். நம் பூனை பதின்மூன்றும் பதினைந்தும் வயது வாழ்வது நாம் இட்ட சோற்றாலும் கொடுத்த கூரையாலும். அப்படியானால் அதன் முதுமை நாம் கொடுத்தது. அதன் இளமை நமக்கு உழைத்தது. அதன் முதுமையை மட்டும் நம்முடையதன்று என்று மறுப்பது எந்தப் பேரேட்டில் ஏறும்?

நம் மார்க்கத்தில் இக்கேள்வி புதிதன்று. மதீனாவில் ஒரு தோட்டத்தினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்ததும், அதைத் தடவிக்கொடுத்து, உரியவரை அழைத்து, அதைப் பட்டினி போட்டு வேலைவாங்கியதற்காகக் கண்டித்ததும் ஹதீஸில் வருகின்றன. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதியும், தாகத்தால் நாக்கு வெளித்தள்ளிய நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் கதியும் நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டவை. நாம் அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், கிட்டங்கியில் நினைப்பதில்லை.

நாயைப் பற்றிப் பேச நம்மவர்க்குத் தயக்கம் உண்டு. நாம் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும் என்ற சட்டம் நமக்குத் தெரியும். அதை யாரும் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டம் கையைக் கழுவச் சொல்கிறதேயன்றி, பொறுப்பைக் கைகழுவச் சொல்லவில்லை. காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் இடம் தருகிறது. குகைத் தோழர்களின் வரலாற்றில் வாசலில் முன்னங்கால்களை விரித்துப் படுத்திருந்த நாயும் அவர்களோடு சேர்த்தே பேசப்படுகிறது. காவலுக்கு வைத்துக்கொண்டவர் அதன் மூப்புக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும். தம் கையால் தொடத் தயங்குபவர், தொடக்கூடிய ஒருவரை அதற்கென்று அமர்த்துவதற்குத் தடையேதும் இல்லை.

நம் முன்னோர் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோயினர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நலத்துக்காக எழுதிவைத்தார். எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்தியர் வாழ்க்கை பற்றி 1836 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதைக் குறிக்கிறார். தோட்டம் பலர் கை மாறிவிட்டது. ஆயினும் அவர் அங்கிருந்த காலத்தில்கூட, காஜியின் நீதிமன்ற முற்றத்தில் பிற்பகல்தோறும் ஊர்ப் பூனைகளுக்கு உணவு கொண்டுவந்து வைத்தனராம். ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது ஆண்டுகள்! வக்ஃப் நிலங்களின் பயனை அன்றாடம் கண்ணால் காணும் பினாங்கு மக்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். அந்தத் தோட்டத்தின் வருமானத்தில் உண்ட பூனை எதுவும் எலி பிடித்துக் கணக்குக் காட்டியதில்லை.

"மனிதருக்கே மருந்துக்குப் பணமில்லாத நாளில் பூனைக்கு வைத்தியமா?" என்ற கேள்வியையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. மருத்துவச் செலவு சிறியதன்று. குடும்பத்தின் கஞ்சியைக் குறைத்து நாய்க்கு அறுவை செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடமையில் பெரும்பகுதிக்குக் காசு வேண்டியதில்லை. தூய நீர் நிறைந்த கிண்ணம் இரண்டு மூன்று இடங்களில் வைப்பதற்கு என்ன செலவு? மூட்டைமேல் ஏற முடியாததற்குப் படியாக ஒரு பழைய பெட்டியைப் போடலாம். ஈரத்தரையில் கிடப்பதற்குச் சாக்கு விரிக்கலாம். பல் வலிப்பதற்கு முள்ளெடுத்த மீனைப் பிசைந்து வைக்கலாம்.

செய்யாமல் விடுவதால் காக்கும் காரியங்களும் சில உண்டு. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம்மவர் மீந்த குழம்புச் சோற்றை நாய்க்கும் பூனைக்கும் கொட்டுவது வழக்கம். வெங்காயமும் பூண்டும், பச்சையாயினும் வெந்ததாயினும், அவற்றின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். காய்ச்சலோ வலியோ என்று பனடோல் மாத்திரை கொடுப்பவர் உண்டு. பூனையைக் கொல்ல அதில் ஒன்றே போதும். நாய்க்கு உண்ணிக்காகத் தடவும் சில மருந்துகள் பூனைக்கு நஞ்சு. பூனை தளர்ந்ததும் எலிப்பாஷாணம் வாங்கி வைக்கிறோம். நஞ்சுண்ட எலி மெல்ல நகரும். கிழப் பூனையால் பிடிக்க முடிந்த எலியும் அதுவே. அதைத் தின்று அது இரத்தம் கசிந்து சாகிறது. பதின்மூன்று ஆண்டு உழைத்ததற்கு நம் கையிலிருந்து கிடைக்கும் கடைசிக் கூலி இதுவாக வேண்டுமா?

கிழப் பூனையைச் சாக்கில் கட்டி, மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு, "அங்கே அதற்குத் தீனிக்குப் பஞ்சமில்லை" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோரும் நம்மிடையே இல்லாமலில்லை. பல் போன பூனை அங்கே இளம் பூனைகளோடு போட்டியிட்டு எதைத் தின்னும்? 2015 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2017 முதல் நடைமுறையிலுள்ள விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கை வதைப்பவருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட, அதன் கண்ணைப் பார்த்துச் செய்வது மேல்.

இறுதியாக ஒன்று. நோய் முற்றி, மருந்துக்கும் அடங்காத வேதனையில் உயிர் துடிக்கும்போது, ஊசி போட்டு முடித்துவிடலாமா என்ற கேள்வி எழும். அதில் மார்க்க அறிஞரிடையே ஒரே கருத்து இல்லை. அதனை ஆலிமிடமும் விலங்கு மருத்துவரிடமும் சேர்த்தே கேட்டு முடிவு செய்வது நலம். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வோம்: மருந்தால் தணியும் வலியை மருந்து தேடாமலே விட்டுவிட்டு, பிறகு "துன்பப்படுகிறதே, முடித்துவிடுங்கள்" என்று கேட்பது இரக்கமாகாது.

"வயசாகிவிட்டது" என்ற சொல்லை நாம் வேறு இடங்களிலும் சொல்கிறோம். முப்பது ஆண்டு கல்லாவில் இருந்த கணக்கப்பிள்ளையின் கை நடுங்கினால் சொல்கிறோம். ஊரிலுள்ள தாயார் தொலைபேசியில் ஒன்றையே இருமுறை கேட்டால் சொல்கிறோம். காலடியில் கிடக்கும் வாயில்லா உயிரிடம் இச்சொல்லை எளிதாகச் சொல்லிப் பழகிய நா, மற்றோரிடமும் அப்படியே சொல்லும். அங்கே நிறுத்தி, "என்ன வலிக்கிறது?" என்று கேட்கப் பழகினால், இங்கேயும் கேட்கும்.

ஆகவே அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. கடையில் தராசு இருக்கிறது. மாதக் கணக்கு முடிக்கும் நாளில், கிழப் பூனையை ஒரு பெட்டியில் வைத்து அதில் ஏற்றிப் பாருங்கள். எடையைப் பேரேட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். நான்கு கிலோப் பூனை நானூறு கிராம் இறங்கினால், எழுபது கிலோ ஆள் ஏழு கிலோ இளைத்ததற்குச் சமம். தம் மகன் ஏழு கிலோ இளைத்தால் யாரும் வாளாவிருக்க மாட்டார். அந்த மாதமே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நம் கடையில் இப்போது இருப்பது வேறொரு பூனை, ஆறு வயதுதான். அதன் எடையை மாதந்தோறும் குறித்து வருகிறோம். பழையதற்குச் செய்யத் தவறியதை இதற்கேனும் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.